கே 13, பிளானிக், குரோப்: முடங்கிய கிளைடர்களில் எதை வாங்கலாம்?

சிங்கப்பூர் வான்வெளி இருக்கிற நெரிசலில் என்ஜின் இல்லாமல் காற்றில் மிதந்து பறக்கும் கிளைடருக்கு இடமேது? ஆனாலும் சிலேத்தாரில் விமானப் பராமரிப்பு வேலை பார்க்கும் எங்களுக்குள் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். நாலு பேர் பங்கு போட்டு, வெளிநாட்டுக் கொட்டகை ஏதோ ஒன்றில் முடங்கிக் கிடக்கும் பழைய பயிற்சி கிளைடரை வாங்கிச் சரிசெய்து பறக்கவிடுவதென்றால் எதை வாங்குவது? தேக்காவில் தே தாரிக் ஆறிப்போகும் வரை வாதம் ஓடும்.

தகடு வேலைக்காரர்கள் யோசிக்காமல் பிளானிக் எல்-13 என்பார்கள். அலுமினியம், ரிவெட் எல்லாம் கைக்குப் பழகியவை; விலையும் மலிவு. மலிவுக்குக் காரணம் இருக்கிறது. 2010 ஜூனில் ஆஸ்திரியாவில் ஒரு எல்-13இன் இறக்கை பறக்கும்போதே முறிந்து விழுந்தது. இறக்கையைத் தாங்கும் முதன்மை உத்திரமான ஸ்பாரில் உலோகச் சோர்வு, அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கியதால் விழுந்த விரிசல். அதோடு அந்த ரகமே பல நாடுகளில் பறக்கத் தடை செய்யப்பட்டது. பிறகு வலுவூட்டும் வழிகள் வந்தன, சரி. ஆனால் இப்படிப்பட்ட விரிசல் ரிவெட் துளையின் ஓரத்தில், தகடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். டார்ச் அடித்தால் தெரியாது. உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி மறைந்த விரிசலைக் கண்டுபிடிக்கும் சுழல் மின்னோட்டச் சோதனை வேண்டும். அதைவிடப் பெரிய தலைவலி, எத்தனை மணி நேரம் பறந்தது என்பது மட்டும் போதாது. எத்தனை முறை வின்ச்சில் (தரையிலிருந்து வடத்தால் இழுத்து மேலேற்றும் எந்திரம்) ஏறியது, எவ்வளவு குட்டிக்கரணம் அடித்தது என்றும் தெரிய வேண்டும். கைமாறிக் கைமாறி வந்த கிளப் கிளைடரில் அந்தக் கணக்கை யார் வைத்திருக்கப்போகிறார்கள்?

ஷ்லைக்கர் கே 13 நேர்மையான ஆள். 1966இல் முதலில் பறந்தது. எஃகுக் குழாய்ச் சட்டம், மர இறக்கை, மேலே துணி. துணியை உரித்தால் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும். குழாயின் உள் துருவையும் பசை விட்ட இணைப்புகளையும்தான் தேடிப் பிடிக்க வேண்டும். மரத்தில் சந்தேகம் வந்தால் கூரான ஊசியால் மெல்லக் குத்திப் பாருங்கள்: நல்ல மரம் எதிர்க்கும், உளுத்தது உள்வாங்கும். ஆனால் காற்றில் எண்பது சதவீத ஈரம் இருக்கிற நம் ஊரில், ஏசி இல்லாத கொட்டகையில் மரவேலையா? எனக்குத் துணிச்சல் இல்லை.

மிச்சம் குரோப் 103. கண்ணாடியிழை துருப்பிடிக்காது, உளுக்காது. வெயில்தான் எதிரி. சூடேறினால் பிசின் இளகும் என்பதால்தான் இவற்றுக்கு வெள்ளைப் பூச்சு. உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு டாலர் நாணயமே போதும்: தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் 'டிக் டிக்' என்று கணீரென ஒலிக்கும், பிரிந்த இடம் 'தொப்' என்று மந்தமாகும். பிரிட்டனில் 2014இல் ஏர் கேடட் என்ற இளையர் பயிற்சிப் படையின் குரோப் கிளைடர்கள் மொத்தமாக நிறுத்தப்பட்டது வானில் எதுவும் உடைந்ததால் அல்ல; பராமரிப்பையும் பழுதுபார்ப்பையும் பற்றிய ஆவணங்களை நம்ப முடியவில்லை. அங்கே வைக்கிங் என்று பெயர் பெற்ற குரோப் 103களில் பல மீண்டு வந்தன. மோட்டார் வைத்த விஜிலன்ட் ரகம் 2018இல் ஓய்வு பெற்றுவிட்டது.

என் ஓட்டு குரோப்புக்குத்தான், ஒவ்வொரு பழுதுக்கும் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால். தாள் இல்லாத குரோப்பைவிடத் துணி உரித்த கே 13 எவ்வளவோ மேல். அதை உலர்ந்த ஊரிலேயே வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். எதை வாங்கினாலும் பெயின்ட் அடிப்பவரைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். எலிவேட்டரில் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பகுதி மடல்) அழகுக்காக ஒரு பூச்சு கூடினால் அதன் எடைச் சமநிலை கெட்டு, வேகத்தில் படபடக்க ஆரம்பிக்கலாம். பூச்சு காய்ந்ததும் எலிவேட்டரைக் கழற்றி எடை போட்டு, கிளைடரின் ஈர்ப்பு மையக் கணக்கையும் புதிதாக எழுதிய பிறகுதான் ஆய்வாளரைக் கூப்பிட வேண்டும்.