தாளுக்கும் க்ளேவுக்கும் ஒரே ஸ்டாம்ப் போதுமா?

கைவினைப் பொருள் கடைகளில் இப்போது அதிகம் கண்ணில் படுவது, மை தொட்டு ஒற்றும் கண்ணாடி போன்ற க்ளியர் ஸ்டாம்ப்தான். பூ, இலை, பறவை, ‘ஹேப்பி பர்த்டே’ என்று ஒரே தாளில் பத்துப் பதினைந்து அச்சுகள் ஒட்டிக் கிடைக்கும். விலையும் கையைக் கடிக்காது. வாழ்த்து அட்டை மட்டும் செய்கிறவர் அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்பலாம். அதே அச்சை க்ளேயிலும் அழுத்திப் பார்க்கலாமே என்று ஆசை வரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஆசை வராமலும் இருக்காது. நவராத்திரித் தாம்பூலப் பைக்கு ஒரு டேக், பொங்கலுக்கு ஓர் அட்டை, அதன்மேல் ஒட்ட ஒரு குட்டிப் பானை, அப்புறம் ஒரு கம்மல் என்று இந்தப் பொழுதுபோக்கு கிளை விட்டுக்கொண்டே போகும். அதனால் ஸ்டாம்ப், மை, க்ளே மூன்றையும் தனித்தனியாக எடை போடாமல், எது எதோடு ஒத்துப்போகும் என்று சேர்த்தே பார்த்துவிடலாம்.

ரப்பரா, க்ளியரா, மர அச்சா?

க்ளியர் ஸ்டாம்பின் பெரிய வசதி, அதன் வழியே கீழே இருப்பது தெரியும் என்பது. அக்ரிலிக் கட்டையில் ஒட்டி, பூ எங்கே விழ வேண்டுமோ அங்கே பார்த்து வைக்கலாம். மரக்கட்டையில் ஒட்டி வரும் ரப்பர் ஸ்டாம்பில் எல்லாம் கண் மதிப்புதான். படம் கொஞ்சம் தள்ளி விழுந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வாழ்த்து வரி சாய்ந்து விழுந்தாலோ அட்டையே கோணலாகத் தெரியும்.

க்ளியரிலும் இரண்டு ரகம் உண்டு. புற ஊதா ஒளியில் இறுக வைத்த ஃபோட்டோபாலிமர் ஒன்று. மலிவான சிலிகான் ரகம் இன்னொன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், மை தொட்டால்தான் குட்டு வெளிப்படும். மலிவானதில் மை சமமாகப் பரவாமல் துளித்துளியாகத் திரண்டு நிற்கும். புதிய ஃபோட்டோபாலிமரும் முதலில் இப்படி அடம்பிடிக்கலாம். பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் முகத்தை லேசாகத் தேய்த்தால் வழிக்கு வந்துவிடும். மலிவானது தேய்த்தாலும் பெரிதாகத் திருந்தாது. கட்டையில் ஒட்டாமல் விழ ஆரம்பித்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள், பசைத்தன்மை திரும்பிவிடும். நாளாக நாளாக மஞ்சள் ஏறுவது சகஜம், அதனால் அச்சுக்குக் குறையில்லை. வெயில் படும் ஜன்னலோரம் மட்டும் வேண்டாம், விறைத்துப் போகும்.

ரப்பர் ஸ்டாம்பின் பலம் அதன் முரட்டுத்தனம். கந்தகம் சேர்த்துச் சூட்டில் ரப்பரை இறுக்கும் முறைக்கு சார்லஸ் குட்இயர் காப்புரிமை பெற்றது 1844இல். அந்த இறுக்கம்தான் இன்றும் இதற்குக் காப்பு. எந்த மையும் அதைப் பெரிதாக அசைக்காது; மெல்லிய கோடுகளும் மழுங்காமல் விழும். விலை கூடுதல், இடத்தை அடைக்கும், எடையும் அதிகம். ஆனாலும் க்ளேயிலும் வேலை செய்யப் போகிறவருக்கு நான் சொல்வது ரப்பரைத்தான்.

காரணம் ஆழம். தாளில் அச்சு வைக்கும்போது ஸ்டாம்பின் மேல்முகம் மட்டும் பட்டால் போதும். க்ளேயில் மேல்முகம் உள்ளே இறங்க வேண்டும். பள்ளத்தில் க்ளே ஏறி நிற்க வேண்டும். பள்ளம் ஆழமில்லை என்றால் படம் தேய்ந்த நாணயம் மாதிரிதான் வரும். கடையில் சோதிக்க நகம் போதும். கோட்டிலிருந்து பள்ளத்துக்கு நகத்தை இழுங்கள். டக்கென்று படியிறங்கினால் எடுங்கள், வழுக்கிக்கொண்டு போனால் அது தாளுக்கு மட்டும். க்ளியர் ஸ்டாம்புகளில் பெரும்பாலானவை வழுக்குகிற ரகம். போதாததற்கு அவை க்ளேயை விடாமல் பிடித்துக்கொள்ளும், பிரித்து எடுக்கும்போது படம் இழுபடும். ஸ்டாம்பில் லேசாகத் தண்ணீர் தெளித்தோ, கார்ன்ஃப்ளார் தூவித் தட்டிவிட்டோ அழுத்தினால் ஓரளவு தப்பலாம்.

மர அச்சு வேறு உலகம். குஜராத்தின் பேதாபூரில் துணிக்கு அச்சடிக்கவென்று தேக்கில் செதுக்குகிற கட்டைகள் க்ளேக்கு அருமையாகப் பொருந்தும், பள்ளம் அவ்வளவு ஆழம். தாளில் அவை கொஞ்சம் படுத்தும். மரம் வளையாது என்பதால் மையை ஸ்பாஞ்சில் தொட்டு ஒற்ற வேண்டும், தாளுக்கு அடியில் நாலைந்து செய்தித்தாள் மடித்துப் போட வேண்டும். அப்போதும் நடுவே திட்டுத்திட்டாக விடுபடும். எனக்கு அந்தத் திட்டுகள் பிடிக்கும். கச்சிதம் கேட்பவர்களுக்குப் பிடிக்காது.

தமிழ் எழுத்து வேண்டுமென்றால்

கடையில் கிடைக்கும் தாள்களில் தமிழ் வாழ்த்து அபூர்வம். இதற்கு வழி சார்பதிவாளர் அலுவலகம் பக்கம் இருக்கும் ரப்பர் ஸ்டாம்ப் கடை. நோட்டரிக்கும் தலைமையாசிரியருக்கும் செய்து தருகிறவர், ‘மணமக்கள் வாழ்க’ என்று கொடுத்தாலும் செய்து தருவார். கறுப்பு வெள்ளையில், பெரிய அளவில், தெளிவான படக் கோப்பாகக் கொடுங்கள். முடிமெல்லிய கோடு வேண்டாம், அது அச்சில் நிற்காது. தானாக மை தொட்டுக்கொள்ளும் இயந்திர ஸ்டாம்ப் வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குள் மாட்டிய அச்சை க்ளேயில் அழுத்த முடியாது, மை நிறத்தையும் இஷ்டப்படி மாற்ற முடியாது. பிடியோடு கூடிய சாதா ஸ்டாம்ப் போதும். இப்போது பல கடைகளில் திரவப் பாலிமரை ஒளியில் இறுக்கிச் செய்கிறார்கள், சில இடங்களில் லேசரால் ரப்பரைச் செதுக்குகிறார்கள். க்ளேக்கும் வேண்டுமென்றால் லேசர் ரகத்தைக் கேளுங்கள். ‘கொஞ்சம் ஆழமா வேணும்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அதுவும் செலவு என்றால் பென்சில் ரப்பரை நாமே செதுக்கலாம். ட்ரேஸிங் தாளில் 2பி பென்சிலால் வரைந்து, ரப்பர்மேல் கவிழ்த்துத் தேய்த்தால் படம் தலைகீழாக ஏறிவிடும், எழுத்தைக் கண்ணாடி பிம்பமாக எழுதிப் பழக வேண்டிய தலைவலி இல்லை. குழந்தைகளோடு உட்கார்ந்தால் வெண்டைக்காய்த் துண்டே போதும், கத்தி வேலைகூட இல்லாமல் பூ வந்துவிடும்.

மை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஸ்டாம்பில் மிச்சம் பிடிக்கலாம், மையிலும் அட்டையிலும் கூடாது என்பது என் கட்சி. ஆபீஸ் ஊதா பேடில் தொட்டு சார்ட் பேப்பரில் வைத்தால், எவ்வளவு நல்ல ஸ்டாம்பாக இருந்தாலும் கோடு கசியும். 250 முதல் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) வரையுள்ள வழவழப்பான வெள்ளை அட்டையில் வைத்துப் பாருங்கள், அதே ஸ்டாம்ப் வேறு ஸ்டாம்பாகத் தெரியும். ஏ4 அட்டையைக் குறுக்கே பாதியாக வெட்டி மடித்தால் இரண்டு வாழ்த்து அட்டை, வீணாவது எதுவும் இல்லை.

சாய மைக்கும் பிக்மென்ட் மைக்கும்தான் நிஜப் போட்டி. சாய மை தாளுக்குள் ஊறிச் சட்டென்று காய்ந்துவிடும், வெயிலில் வெளுக்கும். பிக்மென்ட் மை தாளின் மேலேயே உட்காரும். நிறம் அடர்த்தி, சீக்கிரம் வெளுக்காது, ஆனால் காய நேரமெடுக்கும். கடலோர ஊர்களின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பொறுமையைச் சோதிக்கும். பளபளப்பு அட்டையில் சூடு காட்டாவிட்டால் காயவே காயாது. உள்ளே மார்க்கரால் வண்ணம் தீட்டுவதாக இருந்தால் அதையும் யோசிக்க வேண்டும். ஆல்கஹால் மார்க்கருக்கு மெமென்டோ போன்ற சாய மை ஒத்துப்போகும், கோடு கலையாது. வாட்டர்கலர் என்றால் தண்ணீருக்கு அசையாத மை வேண்டும். வெர்சாஃபைனோ ஆர்க்கைவலோ நன்றாகக் காய்ந்தபின் தாங்கும். ஸ்டேஸ்ஆன் போன்ற சால்வென்ட் மை கண்ணாடி, பிளாஸ்டிக், சுட்ட க்ளே எல்லாவற்றிலும் பிடிக்கும். ஆனால் க்ளியர் ஸ்டாம்பை நாளடைவில் கெடுக்கும், அதை ரப்பருக்கென்றே வைத்துக்கொள்ளலாம்.

பிக்மென்ட் மை மெதுவாகக் காய்வது ஒரு இடத்தில் வரமாகிறது. சூட்டில் உருகிப் புடைத்து நிற்கும் எம்பாஸிங் பவுடர் ஒட்ட ஈர மை வேண்டும், சாய மையில் தூவுவதற்குள் காய்ந்துவிடும். டால்கம் பவுடர் கட்டிய துணி மூட்டையால் அட்டையை முதலில் ஒற்றிவிட்டால் வேண்டாத இடத்தில் தூள் ஒட்டாது. பிக்மென்ட் மையிலோ வெர்சாமார்க் போன்ற எம்பாஸிங் மையிலோ அச்சு வைத்துத் தூளைத் தூவி, மிச்சத்தைத் தாளில் தட்டி டப்பாவில் போட்டுவிட்டு ஹீட் கன்னைக் காட்டுங்கள். மணல் மாதிரி மங்கிக் கிடக்கும் தங்கத் தூள் ஒரு ஓரத்தில் திடீரென்று உருகிப் பளிச்சிடும். அந்தப் பளிச்சு நகரும் வேகத்திலேயே கன்னையும் நகர்த்த வேண்டும். அங்கேயே நின்றால் அட்டை வளைந்துவிடும். தலைமுடி உலர்த்தும் டிரையர் இதற்கு ஆகாது. அதன் காற்று தூளைப் பறக்கவிடும், சூடும் போதாது.

க்ளேயில் எது?

ஃபிமோ, ஸ்கல்ப்பி போன்ற பாலிமர் க்ளே மண்ணே இல்லை, பிவிசி பிளாஸ்டிக். நுணுக்கமான அச்சை அப்படியே பிடித்துக்கொள்வதில் இதை அடிக்க ஆளில்லை. சுடாதவரை காயாது, சுட்டபின் சுருங்குவதும் இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஓடிஜி அடுப்பு வேண்டும். ஃபிமோவுக்கு 110 டிகிரியில் 30 நிமிடம், ஸ்கல்ப்பி பிரீமோவுக்கு 6 மி.மீ. தடிமனுக்கு 130 டிகிரியில் 30 நிமிடம். அடுப்பின் திருகு காட்டும் எண்ணை நம்ப முடியாது, உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்துவிடுங்கள். சூடு எல்லை மீறினால் கருகி, தொண்டையைக் கமறும் நச்சுப் புகை வரும். இதற்கு எடுத்த தட்டையும் உருளையையும் சமையலுக்குத் திருப்பக் கூடாது. பாக்கெட்டைச் சித்திரை வெயிலில் காருக்குள் வைத்துவிட்டால் அங்கேயே பாதி வெந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். சுடாத துண்டைத் தாள்மேல் வைத்திருந்தால் எண்ணெய்க் கறை படியும்.

இரண்டு பக்கமும் ஐஸ்கிரீம் குச்சி வைத்து நடுவில் க்ளேயைத் தேய்த்தால் தடிமன் சீராக வரும். ஸ்டாம்பை நேராக அழுத்தி நேராகவே தூக்க வேண்டும், ஆட்டினால் நிழல் விழும். சுட்டு ஆறியபின் காப்பிக்கொட்டை நிற அக்ரிலிக் பெயின்டைப் பள்ளத்துக்குள் இறங்குமாறு பூசி, மேல்முகத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். இலை நரம்பு ஒவ்வொன்றும் தனியாக எழுந்து வரும். படம் பள்ளமாக இல்லாமல் புடைத்து வர வேண்டுமென்றால், இந்தச் சுட்ட துண்டையே அச்சாக வைத்துப் புதுக் க்ளேயைப் பதிக்கலாம். பூவுக்கும் மயிலுக்கும் சரி, எழுத்து மட்டும் இடம் வலமாகத் திரும்பிவிடும்.

அடுப்பு இல்லாதவருக்கு வீட்டிலேயே ஒரு வழி உண்டு, கோல்டு போர்சலின். ஒரு கப் கார்ன்ஃப்ளாருக்கு ஒரு கப் வெள்ளை ஃபெவிகால், இரண்டு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, இரண்டு ஸ்பூன் பேபி ஆயில். சிறு தீயில் விடாமல் கிளறினால் ஓரங்களை விட்டுச் சுருண்டு வரும். கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து பிளாஸ்டிக்கில் சுற்றி வைக்க வேண்டும். அட்டைமேல் ஒட்டும் பூ, பானை, கரும்புக்கு இதுதான் என் முதல் தேர்வு. எடை குறைவு, ஃபெவிகாலே அட்டையில் ஒட்டிவிடும், செலவும் சொற்பம். காயும்போது சுருங்கும், மெல்லிய இடங்கள் கண்ணாடித்தன்மை அடையும். வெள்ளையாகவே இருக்க வேண்டுமென்றால் பிசையும்போது வெள்ளைப் பெயின்ட் சேர்க்க வேண்டும். தண்ணீர் ஆகவே ஆகாது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், அதனால் காய்ந்ததும் வார்னிஷ் பூசிவிடுவது நல்லது. ஆழமான ரப்பர் அச்சு இதில் ஓரளவு நன்றாகவே நிற்கும். கடையில் விற்கும் பஞ்சு போன்ற ஃபோம் க்ளே இதைவிட எடை குறைவு. ஆனால் அழுத்தியது திரும்ப எழும்பிவிடும், கையால் உருட்டும் பொம்மைகளுக்கு மட்டும்தான் லாயக்கு.

ஃபெவிக்ரில் மோல்டிட் போல இரண்டு பங்காக வரும் எபாக்ஸி க்ளே பானை, பாட்டில், சுவர் அலங்காரத்துக்கு ஏற்றது. சம அளவில் பிசைந்தால் தானாகவே கல்லாக இறுகும், தண்ணீருக்கு அஞ்சாது. கையுறை போடாமல் பிசையாதீர்கள், சிலருக்குத் தோல் அரிக்கும். அட்டைக்கு இது கனம்.

டெரகோட்டா நகைக்குக் குயவரிடம் வாங்கிய களிமண்ணும் மர அச்சும்தான் ஜோடி. நிழலில் நன்றாகக் காயவைத்து, மரத்தூளோ வரட்டியோ உமியோ போட்டுச் சுட வேண்டும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் சூளையில் வெடிக்கும். மொட்டை மாடி இருப்பவர்களுக்கு ஏற்ற வேலை, ஃபிளாட்டில் அக்கம்பக்கத்தார் புகைக்குச் சண்டைக்கு வருவார்கள்.

இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் ஆழமான ரப்பர் ஸ்டாம்ப் இரண்டு, கறுப்பில் நல்ல சாய மை ஒன்று, எம்பாஸிங் மை ஒன்று, தங்கத் தூள், ஒரு கட்டு நல்ல அட்டை. க்ளேக்கு அடுக்களையில் கார்ன்ஃப்ளார் இருக்கிறது. அப்புறம், தபாலில் அனுப்பும் எண்ணம் இருந்தால் க்ளே பூவைத் தட்டையாகவே செய்யுங்கள். சாதாரண உறையில் போனால் முத்திரை குத்தும்போதே பூ நொறுங்கும், 20 கிராமைத் தாண்டினால் தபால் தலையும் கூடுதலாக ஒட்ட வேண்டும். புடைத்த பூதான் வேண்டும் என்றால் அட்டையை ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் வைத்துப் பார்சலாக அனுப்பிவிடலாம்.