மாதவரம் பக்கத்துக் குதிரையேற்றப் பயிற்சி: காலை வகுப்பு அருமை, மாலை வகுப்பு வேண்டாம்

மாதவரம் பால்பண்ணையைத் தாண்டிப் புழல் போகும் வழியில், வீட்டுமனைகளுக்கு நடுவே இருக்கிறது இந்த மணல் களம். ஆறு குதிரைகள்: பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) மூன்று, குஜராத் இனமான கத்தியவாரி இரண்டு, சிறுவர்களுக்கு ஒரு மட்டக்குதிரை. வாரம் மூன்று நாள், 45 நிமிட வகுப்பு.

பயிற்சிப் பள்ளியின் தரம் தெரிய வேண்டுமானால் வகுப்புக்கு அரை மணி முன்னால் போய் லாயத்தருகே நிற்க வேண்டும். இங்கே பயிற்றுநர் விடியற்காலை 5 மணிக்கே லாயத்தில் இருக்கிறார். முதலில் பார்ப்பது தீனித்தொட்டியையும் லத்தியையும்தான் (குதிரைச் சாணம்). இரவுத் தீனி அப்படியே கிடந்து, லத்தியும் விழாமல், குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் அது வயிற்றுவலி. அந்தக் குதிரைக்கு அன்று சேணம் கிடையாது, மருத்துவருக்குத்தான் போன். அடுத்தது குளம்பு. குதிகால் பக்கமிருந்து நுனியை நோக்கிக் கொக்கியால் சுரண்டி, நடுவிலுள்ள முக்கோண மெத்தைப் பகுதியை முகர்ந்தே பார்க்கிறார். கறுத்து நாற்றமடித்தால் அழுகல். ஐப்பசி, கார்த்திகை மழையில் லாயத்தரை ஈரமாகவே கிடந்தால் இது வராமல் போகாது.

சேணம் கட்டுவதிலும் குறை சொல்ல இடமில்லை. சேணத்துக்கு அடியில் போடும் விரிப்பைத் தோள்மேட்டுக்கு (கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு) சற்று முன்னால் வைத்துப் பின்னுக்கு இழுக்கிறார்கள்; அப்போதுதான் முடி மடங்காமல் படியும், முதுகில் புண் வராது. சேணத்தின் முன்வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் நடுவே மூன்று விரல் நுழைய வேண்டும். வயிற்றுப்பட்டையை ஒரே மூச்சில் இறுக்குவதில்லை. கட்டும்போது ஒரு துளை, நாலு எட்டு நடத்தியபின் இன்னொன்று, ஆள் ஏறியபின் மற்றொன்று. பட்டை கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும் குதிரைகள் உண்டு. அதை நம்பி விட்டால் ஏறும்போதே சேணம் சரிந்து ஆள் கீழே கிடப்பார்.

சேரும்போதே எடை பார்க்கிறார்கள். இது பாராட்ட வேண்டிய விஷயம். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. சேணத்துக்கு எட்டு கிலோ போக மிச்சம்தான் ஆளுக்கு.

முதல் ஐந்தாறு வகுப்புகளில் கடிவாள வாரைக் கையில் தருவதில்லை. நீளக் கயிற்றில் 20 மீட்டர் வட்டத்தில் குதிரையைச் சுற்றவிட்டு, அங்கவடியில்லாமல் (கால் வைக்கும் வளையம்) உட்காரப் பழக்குகிறார்கள். பத்து நிமிடம் இடப்பக்கம், பத்து நிமிடம் வலப்பக்கம். பலருக்கு இது சலிப்பு, சண்டைக்கே வந்துவிடுகிறார்கள். ஆனால் சமநிலை வராதவர் கையில் வாரைக் கொடுத்தால் விழாமலிருக்க அதைத்தான் பிடித்துத் தொங்குவார். வலி குதிரையின் வாய்க்கு. அதற்காகவே கழுத்தில் தனி வார் கட்டி, தடுமாறினால் அதைப் பிடிக்கச் சொல்கிறார்கள். டிராட்டில், அதாவது துள்ளுநடையில், எழுந்து உட்காரும்போது குதிரையின் வட்டத்துக்கு வெளிப்பக்கத் தோள் முன்னே போகும் நொடியில் எழ வேண்டும். அதைக் குனிந்து பார்க்காமல் இடுப்பால் உணரும்வரை கேண்டருக்கு (அடுத்த வேகமான மிதஓட்டம்) விடுவதில்லை. முழங்காலால் இறுக்கிப் பிடிப்பதும் குதிகால் மேலே ஏறுவதும்தான் இங்கே அதிகம் திருத்தப்படும் தப்புகள்.

வகுப்பு முடிந்தால் குதிரை நேரே லாயத்துக்குப் போவதில்லை. பட்டையைத் தளர்த்திப் பத்து நிமிட நடை, பிறகு உடம்பு முழுக்கத் தொடர்ந்து தண்ணீர். சூட்டோடு குதிரைக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்ற பழைய பேச்சு இங்கே இல்லை, நல்லது. ஓய்வில் குதிரையின் மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. அது இறங்கும்வரை பயிற்றுநர் நகர்வதில்லை. வடசென்னையின் கடற்காற்றுப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். வேலை செய்தும் தோல் காய்ந்து, மூச்சு மட்டும் வாங்கினால் அதுதான். இதைப் பார்க்கத் தெரிந்தவர் இருப்பதே இந்த இடத்தின் பெரிய பலம்.

இனி குறைகள். மாலை 4 மணி வகுப்பு காலைக்கு நேர்மாறு. ஒரு பயிற்றுநருக்கு ஆறு மாணவர்கள், நீளக் கயிறு கிடையாது, சித்திரை வெயிலில் மணல் கொதிக்கிறது. குதிரைக்கும் ஆகாது, கற்பவருக்கும் ஆகாது.

தீனியும் கவலை தருகிறது. பசும்புல் என்று கோ-4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் மட்டும்தான், கூடவே தவிடு. கோ-4 மாட்டுக்கு நல்ல தீனி. ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் குதிரையின் உடம்பில் சேரவிடாது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். இரண்டும் சேர்ந்து பல மாதம் போனால் எலும்பு கரைந்து முகம் வீங்கும். பேரிலேயே குதிரை இருக்கும் குதிரைமசால் என்ற பயறுவகைத் தீவனத்தைத் தினமும் இரண்டு கிலோவாவது கலந்தால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். காய்ந்த புல்லை மணல் தரையிலேயே போடுவதையும் நிறுத்த வேண்டும். புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கிவிடும். உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பையில் லத்தியைத் தண்ணீர்விட்டுக் கரைத்து அரை மணி தொங்கவிட்டால், அடியில் படியும் மணலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இங்கே தரும் தலைக்கவசங்கள் பழையவை, தாடைப்பட்டை தொளதொளவென்று இருக்கிறது. ஒருமுறை தரையில் அடிபட்ட கவசத்தின் உள்நுரை நசுங்கிவிடும், பிறகு அது பயன்படாது. குதிரையேற்றக் கவசங்களுக்கான பாதுகாப்புத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப் 1163 (ASTM F1163) அல்லது பாஸ் 015 (PAS 015) முத்திரை உள்ளதைச் சொந்தமாக வாங்குங்கள். பைக் ஹெல்மெட் வேண்டாம், கனமானது, பக்கப் பார்வையையும் மறைக்கும். ஷூவுக்கு அரை அங்குலக் குதிகால் அவசியம். தட்டையான விளையாட்டு ஷூவோடு ஏறினால் கால் அங்கவடிக்குள் முழுதாக நுழைந்து மாட்டிக்கொள்ளும். விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும்.

சேருகிறவர்கள் காலை 6 மணி வகுப்பையே கேட்டு வாங்குங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆனது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் களத்தின் தாழ்ந்த மூலையில் தண்ணீர் நிற்கும், வகுப்பு நடக்காது. கிளம்புமுன் ஒரு போன் போட்டுவிடுங்கள்.