எச்டிஎல்லா, எல்டிஎல்லா, நான்-எச்டிஎல்லா: ரிப்போர்ட்ல எதைப் பாக்கறது?

ரத்தத்துல கொழுப்பு பாக்கற லிப்பிட் டெஸ்ட் ரிப்போர்ட் வந்ததும் நிறைய பேர் முதல்ல தேடறது "நல்ல கொழுப்பு", அதாவது எச்டிஎல், எவ்ளோன்னுதான், அது நல்லா இருந்துட்டா மத்த வரி எதுவும் கண்ணுல படாது. எங்க சித்திக்கு மொத்த கொலஸ்ட்ரால் 230, எச்டிஎல் 70, ட்ரைகிளிசரைடுங்கற இன்னொரு வகை கொழுப்பு 100. சித்தப்பாவுக்கு 190, 34, 260. இதுல யாரு கவலப்படணும்?

எச்டிஎல் மட்டும் பாத்தா சித்தி பாஸ், ஏன்னா ஆம்பளைங்களுக்கு 40, பொம்பளைங்களுக்கு 50க்கு கீழ போனாதான் கம்மி. மொத்தத்த எச்டிஎல்லால வகுக்கற ரேஷியோவும் அதையேதான் சொல்லுது, சித்திக்கு 3.3, சித்தப்பாவுக்கு 5.6.

"கெட்ட கொழுப்பு"ன்னு சொல்ற எல்டிஎல்லுக்கு வந்தா அப்படியே தலைகீழ். நிறைய லேப்ல இத நேரா அளக்கறதில்ல, 1972ல வந்த ஃப்ரீடுவால்ட் ஃபார்முலா வச்சு மொத்தத்துல இருந்து எச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடுல அஞ்சுல ஒரு பங்கையும் கழிக்கறாங்க, ட்ரைகிளிசரைடு 400 தாண்டிட்டா அந்தக் கணக்கு உதவாது. அந்தக் கணக்குல சித்திக்கு 140, சித்தப்பாவுக்கு 104.

இப்ப மொத்தத்துல இருந்து எச்டிஎல்ல மட்டும் கழிங்க. சித்திக்கு 160, சித்தப்பாவுக்கு 156! இதுதான் நான்-எச்டிஎல், ரத்தக்குழாய்ல போய் படியற எல்லா வகையும் இதுக்குள்ள வந்துடும், வெறும் வயித்துல போகணும்னு கூட இல்ல. 130க்கு கீழ இருக்கறது நல்லது, ஏற்கெனவே ஹார்ட் பிரச்சனை இருந்தா இன்னும் கீழ. ரெண்டு பேருமே தாண்டிட்டாங்க.

அப்போ எச்டிஎல்ல ஏத்திட்டா போதாதான்னு கேப்பீங்க. ஃபைசர் கம்பெனி டார்செட்ரபிப்னு ஒரு மாத்திரைய சோதிச்சுது, எச்டிஎல் 70 சதவீதத்துக்கு மேல ஏறுச்சு, ஆனா மாத்திரை எடுத்தவங்கள்ல சாவு அதிகமானதால 2006 டிசம்பர்லயே நிறுத்திட்டாங்க. நியாசின்ங்கற வைட்டமினும் எச்டிஎல்ல ஏத்துச்சு, ஆனா கொலஸ்ட்ரால குறைக்கற ஸ்டாட்டின் மாத்திரை எடுக்கறவங்களுக்கு அதால ஹார்ட் அட்டாக் குறையல. எச்டிஎல் கம்மின்னா தொப்பை, சுகர், சிகரெட், உக்காந்தே இருக்கறதுன்னு பின்னாடி ஏதோ இருக்கலாம், அதத்தான் பாக்கணும், நம்பர ஏத்தறதுக்குன்னு மாத்திரை தேடக்கூடாது. அதே மாதிரி 70 இருக்குன்னு 140 எல்டிஎல்ல அப்படியே விட்டுடவும் கூடாது, சித்திகிட்ட இத ஒரு வாரமா சொல்லிட்டு இருக்கேன்.

கையில காசு இருந்தா அப்போபிங்கற புரதத்த அளக்கற டெஸ்ட் இன்னும் துல்லியம், கெட்ட துகள் ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு அப்போபிதான் இருக்கும், அதனால எத்தன துகள்னே தெரிஞ்சுடும். சித்தப்பா மாதிரி ட்ரைகிளிசரைடு ஏறினவங்களுக்கு எடுக்கலாம். மத்தபடி என் ஓட்டு நான்-எச்டிஎல்லுக்குத்தான், ரிப்போர்ட்ல அந்த வரி இல்லன்னா நீங்களே கழிச்சு ஓரமா பேனால எழுதி டாக்டர்கிட்ட காட்டுங்க.