எளிதில் சிவக்கும் தோலுக்கு எது சரி: சிலிகானா, கண்ணாடியா?

தோல் எளிதில் சிவந்து அரிக்கும் ஒருவர் செக்ஸ் டாய் வாங்கலாமா என்று யாரைக் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "நல்ல சிலிகானாப் பார்த்து வாங்கு." தப்பான பதில் இல்லை. ஆனால் பாதிப் பதில். எனக்குச் சிறுவயதிலிருந்தே எக்ஸிமா. முழங்கை மடிப்பில் தொடங்கி, கூப்பிடாத இடத்திலெல்லாம் வந்து உட்காரும். சிலிகான், கண்ணாடி இரண்டும் என் அலமாரியில் இருக்கின்றன. கை நீளுவது கண்ணாடிக்குத்தான். அதற்கான காரணம் டாய் என்ன பொருளால் ஆனது என்பதில்கூட இல்லை, அதன்மேல் எந்த லூப்ரிகண்ட் (உரசலைக் குறைக்கும் வழுவழுப்புத் திரவம், சுருக்கமாக லூப்) தடவலாம் என்பதில் இருக்கிறது.

முதலில் தள்ளிவிட வேண்டியவற்றைத் தள்ளிவிடுவோம். 'ஜெல்லி' என்று விற்கும் பளபள, கொழகொழ பிவிசி வேண்டாம். அதை மென்மையாக்கத் தாலேட் வகை ரசாயனங்களைச் சேர்ப்பது உண்டு. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் அமைப்பு 2006இல் இத்தகைய பொருள்களைச் சோதித்தபோது பலவற்றில் தாலேட் இருந்தது. டிபிஇ, டிபிஆர் என்ற ரப்பர் மாதிரியான வகைகள் விலை மலிவு, தொடவும் இதமாக இருக்கும். ஆனால் அவற்றில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. முழுசாகச் சுத்தம் செய்ய முடியாது, வேகவைத்தால் உருகி வளையும். சிங்கப்பூரில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். இந்த ஊரில் துளையுள்ள பொருளை ஈரத்தோடு மூடி வைத்தால் என்ன ஆகும் என்று குளியலறைச் சுவரின் மூலையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்ததும் குப்பென்று பிளாஸ்டிக் வாடை அடித்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். நல்ல சிலிகானுக்கு வாடையே இருக்காது.

எஃகு நல்ல பொருள்தான். ஒரே கேள்வி: கவரிங் தோடு போட்டால் காது அரிக்குமா? அரிக்கும் என்றால் உங்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்க வாய்ப்பு அதிகம். 316 தர எஃகில்கூட ஏறக்குறைய 10 முதல் 14 விழுக்காடு நிக்கல் இருக்கிறது. அதிலிருந்து வெளியே கசிவது மிகக் குறைவு, பலருக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் கவரிங்கில் சிக்கல் உள்ளவர்கள் அந்தச் சோதனையை இந்த இடத்தில் செய்து பார்க்க வேண்டுமா? நான் செய்யவில்லை. அதனால் எஃகைப் பற்றி இதற்குமேல் பேச எனக்கு அனுபவம் இல்லை.

மிஞ்சுவது சிலிகானும், வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியும்.

சிலிகானின் நல்ல குணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. மென்மை, வளைந்துகொடுக்கும் தன்மை, துளை இல்லாத மேற்பரப்பு. மோட்டார் இல்லாததாக இருந்தால் கொதிநீரில் போட்டு எடுக்கலாம். பிளாட்டினம் கொண்டு பதப்படுத்திய சிலிகான் என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது. "சிலிகான் கலவை" என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். 2021இல் இத்தகைய பொருள்களுக்கென்றே ஐஎஸ்ஓ 3533 என்ற அனைத்துலகத் தரநிலை வந்திருக்கிறது. விவரப் பக்கத்தில் அந்த எண் இருந்தால் ஒரு ஆறுதல், ஆனால் எல்லாரும் போடுவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சிலிகானின் மேற்பரப்பு கொஞ்சம் பிடித்து இழுக்கும். கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாலே தெரியும். சாதாரணத் தோலுக்கு அது பெரிய விஷயமில்லை. ஏற்கெனவே வறண்டு மெலிந்திருக்கும் தோலுக்கு அந்த உரசலே போதும், மறுநாள் எரியும். ஆகவே சிலிகானுக்கு லூப் தாராளமாக வேண்டும். ஆனால் சிலிகான் டாய்மீது சிலிகான் லூப் போடக்கூடாது என்பது பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வது. மேற்பரப்பு உப்பி, பிசுபிசுத்துக் கெட்டுவிடலாம். ஆக நீர் சார்ந்த லூப்தான் வழி.

நீர் சார்ந்த லூபில்தான் எங்களைப் போன்றவர்களுக்குத் தொல்லை. தண்ணீர் இருக்கிற எதிலும் கிருமி வளரும், அதனால் பாதுகாப்பான் சேர்த்தே ஆக வேண்டும். சீக்கிரம் காயாமல் இருக்கக் கிளிசரினோ புரோப்பலீன் கிளைக்காலோ சேர்ப்பார்கள். இந்தப் புரோப்பலீன் கிளைக்காலைத்தான் அமெரிக்கத் தொடுதோல் அழற்சி சங்கம் 2018இன் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. இவை அதிகமானால் திரவத்தின் செறிவு ஏறிவிடும். உப்புத் தூவிய மாங்காய்த் துண்டு நீர் விடுகிறதே, அதேபோலச் செறிவு மிகுந்த ஜெல் மென்சவ்வின் உயிரணுக்களிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2012இல் வெளியிட்ட குறிப்பில், லூபின் செறிவு கிலோவுக்கு 380 மில்லிஆஸ்மோலுக்குள் (செறிவை அளக்கும் அலகு) இருப்பது நல்லது, 1200ஐத் தாண்டவே கூடாது என்று சொல்லியிருக்கிறது. யோனிக்கான லூபின் அமிலத்தன்மை பிஎச் 4.5 அளவில் இருக்க வேண்டும் என்றும் அதிலேயே உண்டு. கடையில் அடுக்கியிருக்கும் புட்டிகளில் எத்தனையில் இந்த எண்ணை அச்சிடுகிறார்கள்? தேடித்தான் பார்க்க வேண்டும். குறைந்த செறிவுள்ள, வாசனை சேர்க்காத நீர் லூப் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அது சீக்கிரம் காயும், இடையிடையே மறுபடி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 'சூடேற்றும்', 'குளிர்ச்சி தரும்' என்று எழுதியவற்றின் பக்கமே போகாதீர்கள்.

கண்ணாடி இந்த முடிச்சை அவிழ்த்துவிடுகிறது. கண்ணாடிமீது எந்த லூபும் போடலாம், கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. அதனால் சிலிகான் லூபைப் பயன்படுத்த முடிகிறது. அதில் தண்ணீரே இல்லை, பாதுகாப்பானுக்கு வேலையும் இல்லை. நான் வாங்குவதில் இருப்பவை டைமெத்திகோன், டைமெத்திகோனால் என்ற இரண்டு சிலிகான் வகைகள் மட்டும்தான். ஒவ்வாமைக்காரருக்குப் பொருள் பட்டியல் சின்னதாக இருப்பதைவிட வேறென்ன வேண்டும்? அது காயாது, தோலுக்குள் இறங்காது, மேலேயே நிற்கும். போதாததற்குக் கண்ணாடியே வழவழப்பானது, பிடித்து இழுக்காது. கொஞ்சம் போட்டாலே போதும்.

சிலிகான் லூபில் குறை இல்லாமல் இல்லை. துணியில் பட்டால் கறை எளிதில் போகாது. தரை ஓட்டில் ஒரு துளி சிந்தினால் அடுத்து வருபவர் வழுக்கி விழ வேண்டியதுதான், மாமியாரோடு ஒரே வீவக அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் உடனே சோப்பு போட்டுத் துடைத்துவிடுவது எல்லா வகையிலும் நல்லது. தோலில் ஏதோ படிந்தே இருக்கிற உணர்வு சிலருக்குப் பிடிக்காது.

கண்ணாடி என்றதும் எல்லாரும் கேட்பது: உடைந்துவிடாதா? உள்ளே இருக்கும்போது உடல் தரும் அழுத்தத்தால் உடையும் பொருளில்லை இது, கெட்டியான போரோசிலிகேட் உருளை. ஆபத்து வெளியே கீழே விழுவதில்தான் இருக்கிறது. குளியலறைத் தரையில் விழுந்து நுனியில் சில்லு பெயர்ந்தால் அதோடு முடிந்தது. ஒவ்வொரு முறையும் பயன்படுத்தும் முன் ஒரு பஞ்சை மேலெல்லாம் ஓட்டிப் பாருங்கள். எங்காவது இழை சிக்கினால் தூக்கிப் போட்டுவிடுங்கள், "இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்று வைத்துக்கொள்ளாதீர்கள். குப்பைத் தொட்டியில் போடும்போது செய்தித்தாளில் நன்றாகச் சுற்றிப் போட வேண்டும். லூப் பட்ட கையில் கண்ணாடி நழுவும், ஆகவே பிடியோ வளையமோ உள்ள வடிவமாக வாங்குங்கள். பின்வழிக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் அகன்ற அடிப்பகுதி கட்டாயம் வேண்டும், அது எந்தப் பொருளானாலும் சரி.

விற்பவர் போரோசிலிகேட் என்று சொன்னாலும் பார்த்தவுடன் நமக்குத் தெரியாது. அதனால் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையாக, பொருளின் விவரத்தைத் தெளிவாக எழுதும் கடையாகப் பார்ப்பது ஒன்றே வழி. வெளிநாட்டிலிருந்து தருவித்தால், 400 வெள்ளிக்குள் இருந்தாலும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு, இப்போது 9 விழுக்காடு. அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மோட்டார் இல்லாததால் நல்ல சிலிகான் வைப்ரேட்டரைவிடக் கண்ணாடி பெரும்பாலும் மலிவாகவே வரும்.

கழுவுவதிலும் காயவைப்பதிலும் கண்ணாடி இன்னொரு படி முன்னே நிற்கிறது. வாசனையில்லாத சோப்பு, வெதுவெதுப்பான நீர், ஒரு துண்டு. துடைத்த கணமே காய்ந்துவிடும். சிலிகானைத் துடைத்தால் துண்டின் பஞ்செல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும், சார்ஜ் போடும் துளையில் ஈரம் தங்கும். துணியானால் மூங்கில் கழியில் மாட்டிச் சன்னலுக்கு வெளியே நீட்டலாம், இதை நீட்ட முடியுமா? வேகவைப்பதானால் கண்ணாடியைக் குளிர்ந்த நீரில் வைத்து மெல்லச் சூடேற்றுங்கள், பாத்திரத்தின் அடியில் ஒரு துணியைப் போட்டுவிடுங்கள். கொதிக்கிற நீரில் திடீரென்று போடாதீர்கள். பாத்திரம் தனியாக இருக்கட்டும்.

நம் வீடுகளில் எதைக் கழுவினாலும் ஒரு மூடி டெட்டால் ஊற்றும் பழக்கம் உண்டு. டாய்க்கு வேண்டாம். மிச்சம் ஒட்டியிருந்தால் அது நேராக மென்சவ்வில்தான் படும். ஈரத்தாள்களும் வேண்டாம். சிலவற்றில் இருக்கும் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பாதுகாப்பானுக்குத்தான் மேலே சொன்ன அதே அமெரிக்கச் சங்கம் 2013இல் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' பட்டத்தைக் கொடுத்தது. உடலைப் பொறுத்தவரை, யோனியின் உள்ளே கழுவ எந்தத் திரவமும் தேவையில்லை, வெளியே வெறும் தண்ணீர் போதும்.

தேங்காய் எண்ணெய்? பலர் கேட்பது. கண்ணாடிக்கும் சிலிகானுக்கும் அதனால் கெடுதல் இல்லை. ஆனால் லேடெக்ஸ் ஆணுறையை எண்ணெய் வலுவிழக்கச் செய்துவிடும், அது கிழியலாம். டிபிஇயையும் கெடுக்கும். ஆணுறை பயன்படுத்தும் வீட்டில் எண்ணெய்ப் பாட்டில் படுக்கையறைக்கு வரக்கூடாது. எனக்கு எண்ணெயில் பழக்கம் குறைவு, ஒன்றிரண்டு தோழிகளுக்கு ஒத்துப்போயிருக்கிறது என்ற அளவில் விட்டுவிடுகிறேன்.

சிலிகானையே தேர்ந்தெடுக்க வேண்டியவர்களும் உண்டு. அதிர்வு வேண்டும் என்றால் கண்ணாடி உதவாது. மாதவிடாய் நின்றபின் வறட்சியோடு வலியும் இருப்பவர்களுக்குக் கெட்டியான பொருளைவிட வளைகிற பொருள்தான் இதம் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன், நான் அந்த வயதுக்கு இன்னும் வரவில்லை. அவர்களுக்கு ஒரு வழி உண்டு: சிலிகான் டாய்மீது ஆணுறையை மாட்டி, அதன்மேல் சிலிகான் லூப் போடலாம். லேடெக்ஸ் ஒவ்வாமை இருந்தால் பாலிஐசோப்ரீன் அல்லது பாலியூரித்தேன் ஆணுறையாகப் பாருங்கள், மருந்துக்கடைகளில் கிடைக்கும்.

எதை வாங்கினாலும் லூபை முதலில் தனியாகச் சோதியுங்கள். முழங்கையின் உட்புறத்தில் காலையும் மாலையும் ஒரு துளி, ஒரு வாரம். எரிச்சல் என்றால் உடனே தெரியும். ஒவ்வாமை அப்படியில்லை, ஓரிரு நாள் கழித்துத்தான் முகம் காட்டும், அதற்குள் நாம் வேறு எதையோ குற்றம் சொல்லியிருப்போம். அதனால் புது லூப், புது டாய், புது சோப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். கையில் ஒன்றும் ஆகவில்லை என்பதால் அங்கேயும் ஒன்றும் ஆகாது என்று உறுதியில்லை, ஆனால் கையில் அரித்தால் அங்கே போடவே வேண்டாம்.

அரிப்பு வந்துவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஊரிலிருந்து வாங்கி வந்த மூன்று மருந்துக் கலவைக் கிரீமை எடுத்துப் பூசாதீர்கள். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது, அந்த இடத்துத் தோலை அது இன்னும் மெலிதாக்கிவிடும். புண், இரத்தம், துர்நாற்றம், சில நாளில் அடங்காத எரிச்சல் என்றால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள், பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்டுப் பார்க்கலாம். திரும்பத் திரும்ப வந்தால் மண்டலே சாலையில் உள்ள தேசியத் தோல் நிலையத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அங்கே முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனை செய்வார்கள். போகும்போது லூப் புட்டி, சோப்பு உறை, கிரீம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எதை ஒட்டிப் பார்ப்பது என்று அந்தப் பொருள் பட்டியலை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.