சிங்கப்பூர் க்ரூஸ் பேக்கேஜ்: டிராவல்ஸ் தரும் வவுச்சரை நம்பாதீங்க, ரூ.1,43,100 போச்சு

கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் பக்கம் டிராவல்ஸ் மூலமாக சிங்கப்பூர் க்ரூஸுக்கு, அதாவது கப்பல் சுற்றுலாவுக்கு, அட்வான்ஸ் கட்டியிருப்பவர்கள், மீதியைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்குப் போனது ரூ.1,43,100. கடைப் பெயர் போடவில்லை, புகார் மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. ஃப்ளைட் டிக்கெட், விசா, சபரிமலை வேன், திருப்பதி தரிசனம் எல்லாவற்றையும் ஒரே கண்ணாடிக் கதவுக்குள் பார்க்கும் மாடிக்கடை வகை. எதையெல்லாம் பார்த்து புக் பண்ண வேண்டும் என்று கடைசியில் விவரமாகத் தருகிறேன்.

விற்றது இது: சிங்கப்பூர், பினாங்கு, ஃபுக்கெட், திரும்ப சிங்கப்பூர். 4 இரவு, 4 பேர், பக்கத்துப் பக்கத்தில் 2 பால்கனி ரூம். அவர்கள் கொடுத்த கொட்டேஷனில் இரண்டு விலை இருந்தது. இன்சைடு ரூம் ஆளுக்கு 80,000, பால்கனி 98,000. பால்கனிக்குத்தான் கட்டினோம், 3,92,000. அதற்கு மேல் 5 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) என்று 19,600. பாதி ஜிபே, பாதி ரொக்கம். ஜிபே போனதும் கடைப் பெயருக்கு இல்லை, ஓனரின் சொந்த நம்பருக்கு.

நம்ப வைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஓனர் போனில் பால்கனி வீடியோ காட்டினார். இரண்டு நாற்காலி, நடுவில் சின்ன டீப்பாய், கீழே கடல். "அம்மாவுக்கு முட்டி வலின்னு சொன்னீங்கல்லண்ணா, லிஃப்டுக்குப் பக்கத்துலயே ரூம் போடச் சொல்லிட்டேன்" என்றார். நாலு பாஸ்போர்ட் நகலையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே ஒவ்வொருவர் பெயரையும் தமிழில் எழுதி ஒட்டினார். "நாங்க இதே டவுன்லதான்ணா இருக்கோம், எங்க ஓடிப் போயிடப் போறோம்?" ஓடிப் போகவில்லைதான். அதே மாடியில் உட்கார்ந்துகொண்டுதான் போனை எடுக்காமல் இருக்கிறார்.

மெரினா பே க்ரூஸ் சென்டர் கவுன்ட்டரில் விஷயம் வெளியே வந்தது. டிராவல்ஸ் லெட்டர்ஹெட்டில் 'பால்கனி டீலக்ஸ், 2 ரூம்' என்று கலர் வவுச்சர் கையில் இருக்கிறது. கவுன்ட்டர் பெண் திரையைத் திருப்பிக் காட்டினார்: இன்சைடு கேரண்டி. புக் ஆன முதல் நாளிலிருந்தே அதேதான். கடைசி நேரத்தில் கப்பல்காரன் மாற்றினான் என்று சொல்ல வழியே இல்லை. ஒரு ரூம் 3வது தளம், இன்னொன்று 7வது தளம்.

இந்த 'கேரண்டி' என்ற சமாச்சாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏமாற்று நடப்பதே இங்கேதான். கப்பலில் ரூமை இரண்டு விதமாக விற்பார்கள். ஒன்று, ரூம் நம்பரை நாமே தேர்ந்தெடுப்பது. இன்னொன்று கேரண்டி. ரூம் வகை மட்டும்தான் உறுதி, நம்பர் கப்பல் கம்பெனியின் இஷ்டம். பெரும்பாலும் புறப்படும் நாள் நெருங்கும்போதுதான் கொடுப்பார்கள். விலை குறைவு என்பதால் இது தப்பான டிக்கெட் இல்லை, தெரிந்து வாங்கினால் லாபம்கூட. ஆனால் மிச்சம் விழுந்த ரூம்தான் வரும். முன்மூக்கில் நங்கூரச் சங்கிலி சத்தம் கேட்கிற இடமாக இருக்கலாம், டான்ஸ் ஹாலுக்கு நேர் கீழே இருக்கலாம். இரண்டு ரூம் எடுத்தால் ஒரே தளத்தில் வரும் என்பதற்கு எந்தப் பிடிமானமும் கிடையாது. இன்சைடு என்றால் ஜன்னலே இல்லை. விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது. பால்கனி காசை நம்மிடம் வாங்கிக்கொண்டு இன்சைடு கேரண்டி போட்டால், ஆளுக்கு 18,000 கடைக்காரர் பைக்குள். 4 பேருக்கு 72,000.

போன் போட்டால், "ஷிப்புக்குள்ள போனதும் ரிசப்ஷன்ல கேளுங்கண்ணா, அப்கிரேடு பண்ணிடுவாங்க" என்றார். கேட்டோம். பால்கனி எல்லாம் நிரம்பிவிட்டது. காலியாக இருந்தாலும் வித்தியாசத்தை டாலரில் கட்டினால்தான் தருவார்கள், சும்மா கிடையாது.

அடுத்தது கிராஜுட்டி, அதாவது கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ். விருப்பப்பட்டால் தருவது என்று நினைக்காதீர்கள். பல கப்பல்களில் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தானாகவே ரூம் கணக்கில் ஏறிவிடும். இங்கே 18 டாலர். 18 பெருக்கல் 4 பேர் பெருக்கல் 4 இரவு, 288 டாலர். கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேர்ந்து 25,500 ரூபாய்க்குப் பக்கம் போனது. "ஆல் இன்க்ளூசிவ்ணா, அங்க ஒரு பைசா செலவு இல்ல" என்று விற்றவர் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. முன்கூட்டியே டிக்கெட்டோடு கட்டிவிடவும் வழி உண்டு, அதையும் சொல்லவில்லை.

ஃபுக்கெட் இன்னொரு கதை. மதியச் சாப்பாட்டோடு ஊர் சுற்றிக்காட்ட ஆளுக்கு 6,500 என்று கொட்டேஷனில் தனி வரி, மொத்தம் 26,000. வவுச்சரில் 'காலை 9 மணி, பாதோங் கடற்கரை, வேன் நிற்கும்' என்று இருந்தது. கப்பல் நங்கூரம் போட்டதே 9 மணிக்கு! பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் துறையில் ஒட்டி நிற்கும், இறங்கி நடந்தே போகலாம். பாதோங்கில் அப்படி இல்லை. கடலிலேயே நின்றுவிடும், டெண்டர் என்ற சிறு படகில் டோக்கன் வரிசைப்படி கரைக்குப் போக வேண்டும். கப்பல் கம்பெனியிடமே டூர் வாங்கியவர்களை முதலில் இறக்குவார்கள். மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். போதாததற்குத் தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட 1 மணி நேரம் பின்னால், கப்பலில் ஓடுவது சிங்கப்பூர் நேரம். வவுச்சரில் எந்த 9 மணி என்று போடவில்லை. எந்த 9 மணியாக இருந்தாலும் எட்ட முடியாது. கரை சேரும்போது வேன் இல்லை, வவுச்சரில் இருந்த தாய்லாந்து நம்பரும் எடுக்கவில்லை. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறுவதற்கே சீட்டு, லைஃப் ஜாக்கெட், இன்ன இடத்தில் ஏறு, இன்ன இடத்தில் இறங்கு என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது, இங்கே அதுகூட இல்லை.

சாப்பாட்டில் சைவம் எழுதிவிட்டேன் என்றார், எழுதவில்லை. பஃபேயில் பருப்பு, சாதம், பன்னீர் இருந்ததால் தப்பித்தோம்.

டிசிஎஸ்தான் ரொம்ப எரிச்சல். வெளிநாட்டுப் பேக்கேஜ் விற்பவர் டிசிஎஸ் பிடிப்பது 2020 அக்டோபரிலிருந்து சட்டம், அதில் தவறில்லை. ஆனால் பிடித்த பணம் நம் பான் கணக்கில் ஏற வேண்டும், வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் தெரிய வேண்டும், வருமான வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம், கூடுதலானால் திரும்ப வாங்கலாம். இவர் பான் நம்பரே கேட்கவில்லை. பான் இல்லாமல் யார் பெயரில் கட்டினார்? 26ஏஎஸ்ஸில் 19,600 இல்லை. டிசிஎஸ் பிடித்ததற்கான 27டி சான்றிதழ் கேட்டால், "ஆடிட்டர் லீவுல இருக்கார்ணா."

கூட்டிக்கொள்ளுங்கள்: 72,000, 25,500, 26,000, 19,600. ரூ.1,43,100. விட்டுப்போன தூக்கமும் அம்மா ரூமுக்கு நாலு தளம் ஏறி இறங்கியதும் கணக்கில் இல்லை.

ஊர் வந்த பிறகு கேட்ட பதில்களை வரிசையாகச் சொன்னால் உங்களுக்கே பழக்கப்பட்டதாக இருக்கும். "கம்பெனி சைடுல மெயில் போட்டிருக்கோம்." "சென்னை சப்-ஏஜென்ட் பண்ணின தப்பு, அவர்கிட்ட பேசிட்டிருக்கோம்." "ஓனர் துபாய் குரூப்போட போயிருக்கார்." வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் விழாது. நேரில் போனால் புக்கிங் பண்ணிய பையன் வேலையை விட்டுவிட்டானாம். புதுப் பெண், "எனக்கு இந்த ஃபைல் தெரியாதுங்க சார்" என்கிறார். கடைசியாக ஓனர் ஒரு நாள் மனமிரங்கி, "20,000க்குக் கிரெடிட் நோட் தர்றேன், அடுத்து பாலி போறப்ப கழிச்சுக்கலாம்" என்றார். ரூ.1,43,100 எங்கே, 20,000 எங்கே? அதுவும் அவரிடமே இன்னொரு டூர் எடுத்தால்தானாம்.

விவரமாகத் தருவதாகச் சொன்னேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் தட்டிவிடுகிறேன்.

அட்வான்ஸ் கட்டிய கையோடு கப்பல் கம்பெனியின் புக்கிங் நம்பரை வாங்குங்கள், டிராவல்ஸ் வவுச்சர் நம்பர் வேண்டாம். அதை கம்பெனியின் சொந்த இணையதளத்தில், பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், புறப்படும் தேதியோடு போட்டால் ரூம் வகை, தளம், கிராஜுட்டி கட்டியாச்சா என்பது வரை வந்துவிடும். நம்பர் தர மறுத்தால் மீதியைக் கட்டாதீர்கள்.

பணம் கடையின் கரன்ட் அக்கவுன்ட்டுக்கு மட்டும். ஜிஎஸ்டி நம்பர் உள்ள பில். ரொக்கம் வேண்டவே வேண்டாம்.

கப்பலில் டெபிட் கார்டு கொடுக்காதீர்கள், செலவுக்கு முன்பே ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், விடுவிக்க நாளாகும். கடலில் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், சிங்கப்பூர் ரோமிங் பேக் கப்பல் டவருக்கு ஓடாது. சிங்கப்பூருக்குள் நுழைய நிரப்ப வேண்டிய அரைவல் கார்டு அந்த அரசு தளத்தில் இலவசம், அதற்கும் ஆளுக்கு 500 வாங்குகிறார்கள்.

ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்துப் புகார் எண் வாங்குங்கள். பிறகு நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். கொட்டேஷன், ஜிபே ஸ்கிரீன்ஷாட், கப்பல் கொடுத்த கடைசி நாள் பில், லக்கேஜ் டேக், வாட்ஸ்அப் சாட், ஒன்றையும் அழிக்காதீர்கள். கிரெடிட் நோட்டில் 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துக் கேட்பார்கள், போட்டுவிடாதீர்கள்.