பிராங்ஹார்ன் வேட்டைக்கு டிக்கா டி3எக்ஸ் லைட், 6.5 கிரீட்மூர்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலப் புல்வெளியில் பிராங்ஹார்ன் என்ற மான் போன்ற மிருகத்தை வேட்டையாடப் போகிறவர்கள், 6.5 கிரீட்மூர் ரகத் தோட்டா போடும் இந்தத் துப்பாக்கியைத் தாராளமாக வாங்கலாம். பின்லாந்து தயாரிப்பு, எடை சுமார் 3 கிலோதான், நாள் முழுக்கத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாலும் பாரமாகத் தெரியாது, தோட்டாவை ஏற்ற முன்னும் பின்னும் தள்ளும் போல்ட் எங்கேயும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. மறைந்து நெருங்க ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளி, பிராங்ஹார்னுக்கோ அசாத்தியமான கண்பார்வை, அதனால் 250, 300 கெஜத்திலிருந்து சுட வேண்டிவருவது சகஜம். அங்கே காற்றுதான் பெரிய தலைவலி. நான் போடுவது ஹார்னடி கம்பெனியின் 143 கிரெய்ன் (சுமார் 9.3 கிராம்) எடையுள்ள இஎல்டி-எக்ஸ் என்ற வேட்டைத் தோட்டா. நொடிக்கு 2700 அடி வேகத்தில் கிளம்பும் இந்தத் தோட்டா, மணிக்கு 10 மைல் பக்கக்காற்று அடித்தாலும் 300 கெஜத்தில் ஐந்தாறு அங்குலம்தான் விலகுகிறது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் விலாவில் பட்டால் போதும், நுழைந்த துளை சின்னதாகவும் வெளியேறிய துளை கட்டைவிரல் போகும் அளவுக்கும் இருக்கும், மிருகம் கொஞ்ச தூரத்திலேயே விழுந்துவிடும்.

தோள் எலும்பில் மட்டும் சுடாதீர்கள். 50 கிலோ சொச்சம்தான் இருக்கும் உடம்பு. முன்பு வேறொரு கம்பெனித் தோட்டா அங்கே பட்டுச் சிதறி, ஒரு பக்க முன்சப்பை முழுக்க ரத்தம் கட்டி, நல்ல இறைச்சியை வெட்டி எறிய வேண்டியதாயிற்று.

அப்புறம், துப்பாக்கியைத் தாங்கும் இரட்டைக்கால் பைபாட் மாட்டிப் படுத்துச் சுடுவதுதான் நல்லது, ஆனால் படுக்கும் முன் தரையைப் பாருங்கள், புல்லோடு புல்லாகச் சப்பாத்திக்கள்ளி படர்ந்து கிடக்கும்.