யாழ்ப்பாணத்தில் மேலைச் சமயங்கள் அறிமுகப் பாடநெறி: எங்கே கைகொடுக்கிறது, எங்கே இடறுகிறது

“விவிலியத்தில் யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தை எடுங்கள்” என்றதும் வகுப்பில் பாதிப்பேர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். கத்தோலிக்க மாணவர் வைத்திருக்கும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் அந்தப் பெயரில் நூலே கிடையாது. அங்கே அது ‘விடுதலைப் பயணம்’. சைவ மாணவருக்கு ‘ஆகமம்’ என்றாலே காமிகம், காரணம் என்ற சைவ நூல்களும் கோயிற் கிரியையும்தான் நினைவுக்கு வரும். முஸ்லிம் மாணவர், மூசா நபிக்கு அருளப்பட்ட வேதத்துக்குரிய ‘தவ்றாத்’ என்ற பெயரை அறிந்திருப்பார். இந்த நூலைக் கையில் எடுத்து வாசித்திருக்க மாட்டார். மூன்று பேரும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள்.

இந்தச் சிக்கலைத் தெரிந்துவைத்திருப்பதுதான் இந்தப் பாடநெறியைச் சிபாரிசு செய்ய முதற் காரணம். முதல் சனிக்கிழமை மூன்று மணித்தியாலமும் சொற்களுக்கே போகிறது. ‘வேதம்’ என்றால் இருக்கு முதலான நான்கா, விவிலியமா? நம் ஊரில் கிறிஸ்தவர்களை ‘வேதக்காரர்’ என்பதும் அவர்களுடைய ஆலயத்தை ‘வேதக்கோயில்’ என்பதும் இன்றும் பேச்சில் உள்ளவை. கடவுளின் பெயரே தமிழில் பல முறை மாறியிருக்கிறது: பபிரிசியஸ் மொழிபெயர்ப்பில் பராபரன், 1871இல் வந்த பவர் மொழிபெயர்ப்பில் தேவன், பழைய கத்தோலிக்கச் செபங்களில் சர்வேசுரன், பொது மொழிபெயர்ப்பில் கடவுள். ‘தீர்க்கதரிசி’, ‘இறைவாக்கினர்’, ‘நபி’ மூன்றையும் ஒரே நிரலில் எழுதவைத்து, எது எங்கே ஒத்துப்போகும், எங்கே ஒத்துப்போகாது என்று பிரித்துக் காட்டுகிறார்கள். இந்த முதல் வகுப்பைத் தவறவிட்டவர்கள் பத்தாவது கிழமையிலும் தடுமாறுகிறார்கள். முதல் நாள் பதிவு நாள்தானே என்று வராமல் இருக்க வேண்டாம்.

நகரில் உள்ள ஒரு தனியார் உயர்கல்வி நிறுவனம் இதைத் தமிழ் மொழிமூலம் நடத்துகிறது. 15 கிழமை, சனிக்கிழமை காலை 9 முதல் 12 வரை, மொத்தம் 45 மணித்தியாலம். அறிமுகத்துக்கு 1 கிழமை, யூதத்துக்கு 4, கிறிஸ்தவத்துக்கு 6, இஸ்லாத்துக்கு 3, மீட்டலுக்கு 1. இரண்டு ஒப்படை, ஒரு களப்பயணம், முடிவில் 3 மணித்தியாலப் பரீட்சை. உயர்தரத்தில் கிறிஸ்தவ நாகரிகமோ இஸ்லாமிய நாகரிகமோ படித்தவர்களுக்கு ஆண்டுகளும் பெயர்களும் பழக்கமாக இருக்கும். வாசிப்பு முறை எல்லோருக்கும் புதிதுதான்.

‘மேலை’ என்ற பெயர் பொருந்தவில்லை. மேற்குலகக் கல்லூரிகளில் யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூன்றையும் சேர்த்து அப்படி அழைக்கும் வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றும் மேற்காசியாவில் பிறந்தவை. அநுராதபுரத்தில் 1912இல் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவையும், இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்கள் இருந்ததாகக் கொஸ்மாஸ் என்ற பயணி ஆறாம் நூற்றாண்டில் எழுதிய குறிப்பும், போர்த்துக்கேயருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முன்னரே கிறிஸ்தவம் ஐரோப்பா வழியாக அல்லாமலும் இங்கே எட்டியதைக் காட்டுகின்றன. கைநூலில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. ‘ஆபிரகாமியச் சமயங்கள்’ என்ற பெயரே நேரானது.

பாடநெறியின் உயிர் இணை வாசிப்பில் இருக்கிறது. ஒரு பகுதியின் இரண்டு அல்லது மூன்று வடிவங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, வேறுபடும் சொற்களுக்குக் கீழே கோடிட்டு, ‘ஏன்’ என்று கேட்கும் முறை அது. முதற் பயிற்சி பத்துக் கட்டளைகள். யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கச் சொல்லும் காரணம், கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தது. உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் அதே கட்டளைக்குக் காரணம், நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்ற நினைவு. ஒன்றில் படைப்பு, மற்றதில் விடுதலை. ஒரு நூற்றொகுதிக்குள் ஒரே சட்டம் இரண்டு நினைவுகளைச் சுமந்துவருவதை மாணவர் தாமே கண்டுபிடித்துவிட்டால், இவை இரண்டும் அடங்கிய விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களும் பல மூலங்களிலிருந்து தொகுக்கப்பட்டவை என்று ஆய்வாளர்கள் சொல்வது எதைப் பார்த்து என்பது விளங்கிவிடும். கோட்பாட்டை முதலிலும் பாடத்தைப் பிறகும் வைத்திருந்தால் அது மனப்பாடமாகவே போயிருக்கும். இந்த ஒழுங்குக்காக விரிவுரையாளருக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம்.

எண்ணிக்கை விடயத்தில் கவனம் வேண்டும். தாய் தந்தையை மதிக்கும் கட்டளை கத்தோலிக்கருக்கு நான்காவது. தென்னிந்தியத் திருச்சபையாருக்கும் யூதருக்கும் ஐந்தாவது. சிலை செய்வதற்கான தடையை முதற் கட்டளைக்குள் அடக்குவதா தனியாக எண்ணுவதா என்பதில் தொடங்கும் வேறுபாடு இது. அடக்கியவர்கள் பிறர் பொருளை இச்சிக்கும் தடையைக் கடைசியில் இரண்டாகப் பிரித்துப் பத்தை நிரப்புகிறார்கள். யூத மரபோ “உன் கடவுள் நானே” என்ற கூற்றையே முதலாவதாக எண்ணி, வேறு தெய்வங்களையும் சிலையையும் இரண்டாவதில் சேர்க்கிறது. பரீட்சையில் ‘நான்காம் கட்டளை’ என்று மட்டும் எழுதினால் திருத்துபவருக்கு எது என்று தெரியாது. யாருடைய எண் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆபிரகாம் மகனைப் பலிகொடுக்கப் போகும் கதை அடுத்த பயிற்சி. தமிழ் வகுப்பில் இந்த இடத்தில், சிவனடியாருக்காகத் தன் பிள்ளையைக் கறி சமைத்த சிறுத்தொண்டரும் அந்தப் பிள்ளை சீராளனும் வராமல் இருக்க முடியாது. விரிவுரையாளர் அந்த ஒப்பீட்டை ஒதுக்காமல் கரும்பலகையில் எழுதி, ஒற்றுமையை விட்டுவிட்டு வேறுபாட்டைக் கேட்கிறார். சீராளன் அரியப்பட்டுக் கறியாகி, அதன்பின் அழைக்க உயிரோடு ஓடிவருகிறான். ஆபிரகாமின் கத்தி இறங்குமுன்பே தடுக்கப்படுகிறது. அதனால்தான் யூத மரபு இதைப் ‘பலி’ என்னாமல் ‘அகேதா’, அதாவது ‘கட்டுதல்’ என்கிறது. ஆதியாகமம் 22இல் மகன் ஈசாக்கு என்று பெயர் சொல்லப்படுகிறது. அல்குர்ஆன் 37ஆம் சூராவில் (அத்தியாயத்தில்) அந்த மகனுக்குப் பெயர் இல்லை; நிகழ்ச்சி முடிந்தபின் இஸ்ஹாக் (ஈசாக்கு) பற்றிய நற்செய்தி வருகிறது. இன்றைய முஸ்லிம்களில் பெரும்பாலோர் அவரை இஸ்மாயீல் என்றே கொள்கிறார்கள்; தபரி போன்ற பழைய உரையாசிரியர் இஸ்ஹாக் என்ற கருத்தை ஏற்றார். ‘குர்ஆனில் இஸ்மாயீல் என்று இருக்கிறது’ என்று விடைத்தாளில் எழுதுவது பிழை. ‘முஸ்லிம் மரபு இஸ்மாயீல் என்று கொள்கிறது’ என்பதே சரி. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டவருக்குப் பாடநெறியில் பாதி கைவந்துவிட்டது.

யூதப் பகுதி ஏமாற்றம் தருகிறது. நான்கு கிழமை ஒதுக்கியும் மூன்றரைக் கிழமை பழைய ஏற்பாட்டு வரலாறாகவே போய், கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்ததோடு யூதம் முடிந்துவிட்டதுபோல் நிற்கிறது. உண்மையில் இன்று நாம் யூதம் என்று அறிவது அந்த அழிவுக்குப் பின் உருவெடுத்தது: ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, அதன்மேல் விளக்கமாக எழுந்த தல்மூத், ஆலயப் பலிக்குப் பதிலாகச் செபமும் படிப்பும். ‘பழைய ஏற்பாடு’ என்பதே கிறிஸ்தவர் இட்ட பெயர். யூதர் தனாக் என்பார்கள். அதில் 24 நூல். புரட்டஸ்தாந்து விவிலியத்தில் அதே உள்ளடக்கம் 39. சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம் ஒவ்வொன்றும் இரண்டாகாமல் ஒன்றாகவும், எஸ்றா நெகேமியா சேர்ந்து ஒன்றாகவும், சிறு தீர்க்கதரிசிகள் பன்னிருவரும் ஒரே நூலாகவும் எண்ணப்படுவதால் வரும் வித்தியாசம் அது. கத்தோலிக்கருக்கு 46 ஆவது மேலும் 7 நூல்கள் சேர்வதால். கணக்கைவிட ஒழுங்கு முக்கியம். தனாக் நாளாகமத்தில், எருசலேமுக்குத் திரும்பிப் போகலாம் என்ற பாரசீக மன்னன் கோரேசின் ஆணையோடு முடிகிறது. கிறிஸ்தவரின் பழைய ஏற்பாடு மல்கியாவில், எலியா வருவார் என்ற எதிர்பார்ப்போடு முடிந்து மத்தேயுவுக்கு வழிவிடுகிறது. கைநூல் முதலாவது ஒழுங்கைக் காட்டவே இல்லை.

யாழ்ப்பாணத்தில் போய்ப் பார்க்க ஒரு யூதத் தொழுகைக்கூடம் இல்லை என்பதால் இந்தக் குறை இரட்டிப்பாகிறது. ஆனால் யூதத்தின் பெரும்பகுதி வீட்டுக்குள் நடப்பது. வெள்ளி மாலை பொழுதுபடுமுன் ஏற்றும் விளக்குகள், இறைச்சியையும் பாலையும் ஒரே சட்டியில் சேராத சமையல், எகிப்திலிருந்து விடுதலை பெற்றதைக் கொண்டாடும் பஸ்கா இரவுச் சாப்பாட்டில் புளிக்காத அப்பமும் கசப்புக் கீரையும் எதை நினைவூட்டுகின்றன என்பது. மரக்கறிச் சட்டியையும் மச்சச் சட்டியையும் வேறாக வைக்கும் வீடுகளில் வளர்ந்த மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணித்தியாலம் போதும்.

கிறிஸ்தவப் பகுதி உறுதியானது. நற்செய்திகளை ஒப்பிட மார்கழியில் வீடுகளில் வைக்கும் பாலன் குடிலையே எடுத்துக்கொள்கிறார்கள். அதில் இடையரும் ஞானிகளும் ஒன்றாக நிற்பார்கள். மத்தேயுவில் இடையர் இல்லை. லூக்காவில் ஞானிகள் இல்லை. மாற்குவில் பிறப்புக் கதையே இல்லை. ஞானிகள் மூவர் என்று மத்தேயுவும் சொல்லவில்லை. அடுத்து ஆயர்கள் கூடிய 325ஆம் ஆண்டு நிக்கேயா சங்கம். திரித்துவத்தை மும்மூர்த்திகளோடு சமப்படுத்துவதுதான் இங்கே விடைத்தாள்களில் அதிகம் விழும் பிழை. நிக்கேயாவில் எழுந்த கேள்வி மூன்று தொழில்களைப் பற்றியது அல்ல; மகன் தந்தையோடு ஒரே பொருளா, படைக்கப்பட்டவரா என்பது. தமிழ் விசுவாச அறிக்கையில் வரும் ‘பொருள்’ என்ற சொல்லைச் சைவ சித்தாந்தத்தின் பதி, பசு, பாசம் என்ற முப்பொருளோடு வைத்து விளக்கிய வகுப்பு, சைவ மாணவர்களுக்கு உடனே பிடிபட்டது. 1054இல் கிழக்கு மேற்குத் திருச்சபைகளின் பிரிவு, 1517இல் லூதர் தொடங்கிய சீர்திருத்தம், 1962 முதல் 1965 வரையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் எல்லாம் ஒழுங்காக வருகின்றன. கிழக்குத் திருச்சபைகள் பெயரளவில்தான்.

உள்ளூர் வரலாற்றுக்கு ஒதுக்கிய ஒன்றரை மணித்தியாலம் போதாது. 1816இல் வந்த அமெரிக்க மிஷன், 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி, ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாருக்கு உதவி 1850இல் அச்சான விவிலிய மொழிபெயர்ப்பு என்று ஓடிவிடுகிறார்கள். அருள் என்ற கருத்தைக் கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர், தமிழ் விவிலியத்தின் வரலாற்றை எழுதியவர், பேராயர் சபாபதி குலேந்திரன். இந்த மண்ணில் இருந்து எழுதிய அவர் வாசிப்புப் பட்டியலில் இல்லாதது பெரிய குறை. அடுத்த அணிக்கு முன் சேர்த்தே ஆகவேண்டும்.

இஸ்லாத்துக்கு மூன்று கிழமை எந்த வகையிலும் நியாயமில்லை. 622ஆம் ஆண்டு நபியவர்கள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெயர்ந்த ஹிஜ்ரத், 632இல் அவர்களின் மறைவு, 680இல் அவர்களின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலா, ஐந்து கடமைகள், மத்ஹப் எனப்படும் நான்கு சட்ட மரபுகள் எல்லாம் ஒரே மூச்சில். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவது ஏன் என்ற கேள்விக்கு இந்தியப் பெருங்கடல் வணிகம் பற்றிய ஒரு பக்கமாவது வேண்டும். இஸ்லாத்தின் ஞான வழியான சூபி மரபு முற்றாக விடுபட்டிருக்கிறது. சூபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு தமிழிலேயே பாடியிருக்க, இது விளங்காத விடுபாடு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதால், அதன்பின் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பலருக்கு அயலில் ஒரு முஸ்லிம் வீடு இருந்ததில்லை. அவர்களுக்கு இந்தப் பகுதியே மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் தேவை.

அல்குர்ஆனை முதற் பக்கத்திலிருந்து தொடங்குபவர்கள் 286 வசனம் கொண்ட இரண்டாம் சூராவில் களைத்துவிடுகிறார்கள். அது கால வரிசையில் தொகுக்கப்பட்ட நூல் அல்ல. பொதுவாக நீண்ட சூராக்கள் முன்னும் குறுகியவை பின்னும் வரும். 1, 96, 112 என்று தொடங்கி, பிறகு யூசுப் (யோசேப்பு) வரலாறு முழுதாக வரும் 12ஐ ஆதியாகமம் 37 முதல் 50 வரையுள்ள அதிகாரங்களோடும், மர்யம் (மரியாள்) பற்றிய 19ஐ லூக்கா முதல் அதிகாரத்தோடும் வைத்து வாசியுங்கள்.

நாட்காட்டி வகுப்பு சிறியது, ஆனால் அருமை. முஸ்லிம் ஆண்டு 354 அல்லது 355 நாள் என்பதால் நோன்பு ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே வந்து, ஏறத்தாழ 33 ஆண்டில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடும். யூதர் 19 ஆண்டுக்கு 7 மாதம் கூட்டுவதால் பஸ்கா இளவேனிலை விட்டு நகராது. நாள் மாறினாலும் சிவராத்திரி தன் பருவத்தை விட்டுப் போகாததை நினைத்தால் இது எளிதில் விளங்கும்.

களப்பயணம் மரியன்னை பேராலயம், வட்டுக்கோட்டையில் தென்னிந்தியத் திருச்சபைப் பேராலயம், சோனகத் தெருப் பக்கம் ஒரு பள்ளிவாசல். கட்டடத்தின் அழகைக் குறிப்பெடுக்காமல் எது நடுவில் இருக்கிறது என்று பாருங்கள்: பீடமா, பிரசங்க மேடையா, நற்கருணைப் பேழை எங்கே, ஞானஸ்நானத் தொட்டி வாசலருகிலா முன்னாலா. பள்ளிவாசலில் திசைகாட்டியைப் பிடித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மக்கா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து ஏறத்தாழ 22 பாகை வடக்கே. தொழுகை வரிசைகள் ஏன் அப்படிச் சரிந்து நிற்கின்றன என்பதற்கு அதுவே விடை. வெள்ளி நண்பகலில் தொழுகை நடப்பதால் அந்த நேரத்தில் போகக்கூடாது. காலுறை கழற்றத் தோதாகவும் தோளும் முழங்காலும் மூடியும் உடுத்துங்கள்.

ஒப்படைகளில் புள்ளி இழப்பவர்கள் இரண்டு வகை. எல்லாச் சமயமும் ஒன்றையே சொல்கின்றன என்று முடிப்பவர்கள் ஒரு வகை. தம் சமயத்துக்காக வழக்காடுபவர்கள் மற்ற வகை. ‘இயேசு உயிர்த்தார்’ என்றோ ‘உயிர்க்கவில்லை’ என்றோ எழுதாமல், ‘பவுல் எழுதிய காலத்திலேயே கிறிஸ்தவர்கள் இயேசு உயிர்த்ததாக அறிக்கையிட்டார்கள்’ என்று எழுதப் பழகுங்கள். வாக்கியத்துக்கு ஓர் உரிமையாளர் இருக்கவேண்டும். திருத்திய ஒப்படைகளை நிறுவனம் ஆறேழு கிழமை கழித்துத் தருகிறது. முதலாவதில் விட்ட பிழையைப் பார்க்குமுன்பே இரண்டாவதைக் கையளிக்கவேண்டிவருவதால் இதை அவர்கள் கட்டாயம் திருத்தவேண்டும்.

கைநூல் கட்டணத்தில் சேராது; போட்டோக்கொப்பிப் பிரதி தெளிவில்லை, 40ஆம் பக்கத்துக்கு மேல் அடிக்குறிப்புகள் வெட்டுப்பட்டிருக்கின்றன. அதில் செலவழிப்பதைவிட ஒரு பழைய மொழிபெயர்ப்பு விவிலியம், ஒரு பொது மொழிபெயர்ப்பு, ஒரு தமிழ் அல்குர்ஆன் மொழிபெயர்ப்பு மூன்றையும் இரவலாவது வாங்கிவைத்திருங்கள். பெரிய கொப்பி ஒன்றில் மூன்று நிரல் போட்டு, முதல் நாளே நூற்பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்: ஆதியாகமம் என்றால் தொடக்க நூல், யாத்திராகமம் என்றால் விடுதலைப் பயணம், எண்ணாகமம் என்றால் எண்ணிக்கை, உபாகமம் என்றால் இணைச் சட்டம். லேவியராகமம் மட்டும் ‘லேவியர்’ என்று ஏறத்தாழ அப்படியே இருக்கிறது.